மூடிய கதவுக்குள் ஒரு பாட்டு

ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் சீஸனில் பேப்பரைப் பிரித்தால், காலேஜ் விளம்பரங்களுக்கு நடுவே செய்தியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். ஒரு சின்ன விளையாட்டு விளையாடிப் பாருங்கள். விளம்பரத்தில் இருக்கும் கல்லூரியின் பெயரை மட்டும் கட்டைவிரலால் மறைத்துக்கொள்ளுங்கள். இப்போது அது எந்தக் கல்லூரி என்று சொல்ல முடிகிறதா? முடியாது! அதே கண்ணாடிக் கட்டடம், அதே புல்வெளி, கையில் ஃபைலோடு அதே இரண்டு பையன்கள், ஒரு பெண். சிரிப்புகூட ஒரே மாதிரி!

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் விளம்பர வேலை பார்ப்பவர்கள், இந்த மாதிரிப் படத்துக்குக் கேலியாக ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: 'மூணு பேரும் ஒரு மரமும்'. மூன்று மாணவர்கள், பின்னால் ஒரு மரம், கையில் ஒரு புத்தகம். தீர்ந்தது வேலை.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. வருஷா வருஷம் அதே கல்லூரி, அதே கோர்ஸ், அதே மரம். மேலிடத்திலிருந்து மட்டும் 'புதுசா ஏதாவது பண்ணுங்களேன்' என்று உத்தரவு வந்துகொண்டே இருக்கும். புதுசுக்கு எங்கே போவது?

இதே கேள்வியோடு தலையைப் பிய்த்துக்கொண்ட ஒரு மனிதரை உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். இது நடந்தது 1871-ல். அவருக்கு பட்ஜெட் கிடையாது, ஆபீஸ் கிடையாது. சொல்லப்போனால், அவர் வேலை பார்த்த யுனிவர்சிட்டிக்கே ஒழுங்கான கூரை கிடையாது.

அவரிடம் போவதற்கு முன்னால், அதுவரை அமெரிக்கக் கல்லூரிகள் தங்களை எப்படி 'விற்றுக்கொண்டிருந்தன' என்று ஓர் எட்டு பார்த்துவிடலாம்.

ஹார்வர்டு தொடங்கியது 1636-ல். பிறந்த வேகத்திலேயே காசுக்குத் திண்டாட்டம். 1641-ல் மூன்று பேரைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு வசூலுக்கு அனுப்பினார்கள். அந்த வசூலுக்குத் துணையாக 1643-ல் லண்டனில் ஒரு சிறு புத்தகம் அச்சாகி வந்தது. 'எங்கள் ஊர் எப்படி, எங்கள் கல்லூரி எப்படி, அங்கே என்னென்ன சொல்லித்தருகிறோம்' என்று விலாவாரியாக எழுதிய புத்தகம். இன்றைக்கு கவுன்சலிங் ஹாலுக்கு வெளியே உங்கள் கையில் திணிக்கிறார்களே பளபள புத்தகம், அதற்குக் கொள்ளுத் தாத்தா!

அடுத்தது யேல். இந்தக் கதையில் நம்ம சென்னைக்கும் பங்கு இருக்கிறது. எலிஹு யேல், புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்தவர். ஊழல் புகாரில் பதவி போனது. ஆனால் சேர்த்த பணம் போகவில்லை. லண்டனில் வசதியாக உட்கார்ந்திருந்தார். 1718-ல் பாஸ்டன் பாதிரியார் காட்டன் மேதர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். கனெக்டிகட்டில் ஒரு கல்லூரி கட்டட வேலைக்குப் பணமில்லாமல் தவிக்கிறது, நீங்கள் கை கொடுத்தால் உங்கள் பெயரையே வைக்கலாம் என்று நைஸாகக் கோடி காட்டினார். யேல் ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று ஆகியவற்றை அனுப்பிவைத்தார். சரக்கு 562 பவுண்டுக்கு விலைபோனது. அந்தத் தொகைக்கு மூன்று நூற்றாண்டுகள் தாண்டியும் நிலைத்திருக்கும் ஒரு பெயர்! இதைவிட மலிவான விளம்பரத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

ஆக, அந்தக் காலத்து ஃபார்முலா இவ்வளவுதான். பெரிய மனிதர் ஒருவரைப் பிடி. அவர் பெயரைக் கல்லில் வெட்டு. காசு வந்துவிடும்.

சரி, பெரிய மனிதர்கள் யாரையுமே தெரியாத கல்லூரி என்ன செய்யும்? படிக்க வருகிற அத்தனை பேரும் நேற்றுவரை சந்தையில் விலைக்கு விற்கப்பட்டவர்கள் என்றால்?

டென்னஸி மாநிலத்தில், நாஷ்வில் நகரத்தில் அப்படி ஒரு கல்லூரி இருந்தது. பெயர் ஃபிஸ்க்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து ஒன்பதே மாதத்தில், 1866 ஜனவரியில் அந்தப் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்காக அடித்திருந்த மரக் கொட்டகைகள்தான் வகுப்பறைகள். ஆஸ்பத்திரி காலியானதும் பள்ளிக்கூடம் உள்ளே வந்தது. அதுவரை தெற்கு மாநிலங்கள் பலவற்றில் ஓர் அடிமைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதே சட்டப்படி குற்றம். கதவு திறந்ததும் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஏழு வயசுப் பொடிசிலிருந்து எழுபது வயசுத் தாத்தா வரை வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சில மாதங்களிலேயே கூட்டம் தொள்ளாயிரத்தை எட்டியது.

புத்தகம் வாங்கக் காசில்லை. மாணவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நாஷ்வில்லில் அடிமைகளை அடைத்துவைத்து விற்ற கிடங்கு ஒன்று இருந்தது. அங்கே துருப்பிடித்துக் கிடந்த கைவிலங்குகளையும் கால்விலங்குகளையும் பொறுக்கிவந்து பழைய இரும்புக்குப் போட்டார்கள். கிடைத்த காசில் எழுத்துப் புத்தகங்கள் வாங்கினார்கள். இதைக் கதையாக எழுதினால் 'ரொம்ப சினிமாத்தனமா இருக்கே சார்' என்பார்கள். நிஜமாக நடந்தது.

1867-ல் பல்கலைக்கழகம் என்று பதிவு செய்தாயிற்று. பெயர் பெரிதாகிவிட்டதே தவிர, கொட்டகைகள் உளுத்துக்கொண்டிருந்தன. பலகை இடுக்கு வழியாகக் குளிர்காற்று உள்ளே வரும். வாத்தியார்களுக்குச் சம்பளம் பாக்கி, கடைக்காரர்களுக்குப் பாக்கி. ஃபிஸ்கை நடத்திவந்த அமெரிக்க மிஷனரி சங்கத்துக்கு இதுபோல இன்னும் எத்தனையோ பள்ளிக்கூடங்கள். இதை இழுத்து மூடிவிடலாமா என்று யோசிக்கிற நிலைமை வந்துவிட்டது.

அங்கே பொருளாளராக இருந்தவர் ஜார்ஜ் வைட். பெயரும் வைட், ஆளும் வெள்ளைக்காரர். ஒரு கொல்லரின் மகன். சின்ன வயசிலேயே படிப்பை விட்டவர், போரில் வடக்குப் படைக்காகச் சண்டை போட்டவர். ஃபிஸ்கில் அவருக்கு இரண்டு வேலை. பகலில் கணக்கு, மற்ற நேரத்தில் மாணவர்களுக்குப் பாட்டு. முறையாக சங்கீதம் படித்தவர் இல்லை. ஆனால் அபாரமான காது. மாணவர்களில் நன்றாகப் பாடுகிறவர்களைப் பொறுக்கியெடுத்து ஒரு குழு அமைத்திருந்தார்.

கணக்குப் புத்தகமும் பாட்டும் ஒரே ஆளிடம் இருந்ததில் ஒரு சௌகரியம். இரண்டையும் முடிச்சுப் போட்டார். 'இந்தப் பிள்ளைகளை வடக்கு மாநிலங்களுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கச்சேரி நடத்தினால் என்ன? வசூலும் ஆகும், கல்லூரியின் பெயரும் பரவும்.'

மிஷனரி சங்கம் கை கழுவிவிட்டது. கறுப்பினப் பிள்ளைகளை மேடையேற்றிப் பிச்சையெடுத்ததாக ஆகிவிடுமோ, சங்கத்தின் பெயர் கெட்டுவிடுமோ என்று அவர்களுக்கு பயம். பெற்றோர்களுக்கோ வேறு பயம். அடிமைத்தனம் ஒழிந்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. வெள்ளைக்காரர் ஒருவர் பின்னால் பிள்ளைகளை முன்பின் தெரியாத ஊருக்கு அனுப்பினால், திரும்பி வருவார்கள் என்று என்ன நிச்சயம்?

1871 அக்டோபர் 6. கல்லாவில் மிச்சமிருந்ததை வழித்தெடுத்துக்கொண்டு, கடனும் வாங்கிக்கொண்டு, வைட் ரயிலேறினார். கூடவே ஒன்பது மாணவ மாணவியர். பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அதில் பெஞ்சமின் ஹோம்ஸ் என்று ஒருவர். அடிமைச் சிறையில் அடைபட்டுக் கிடந்தபோது, லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வந்த பத்திரிகையை மற்றக் கைதிகளுக்கு உரக்க வாசித்துக் காட்டியவர். தாமஸ் ரட்லிங் என்று இன்னொருவர். அவருக்கு நினைவு தெரிந்து முதல் ஞாபகமே, தன் அம்மாவை விற்றுக் கூட்டிக்கொண்டு போனதுதான்.

பியானோ வாசிக்க எல்லா ஷெப்பர்டு. இவரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருபது வயசு. அப்பா தன்னுடைய விடுதலையை விலை கொடுத்து வாங்கி, பிறகு மகளையும் விலை கொடுத்து வாங்கியவர். அம்மாவை மட்டும் மீட்க முடியவில்லை. ஒருமுறை அந்தத் தாய், குழந்தையோடு ஆற்றில் விழுந்து செத்துப்போகலாம் என்று கிளம்ப, வழியில் ஒரு கிழவி தடுத்து நிறுத்தினாளாம். எல்லா சங்கீதம் கற்றுக்கொண்டது சின்சினாட்டியில், ஒரு வெள்ளைக்கார ஆசிரியரிடம். நிபந்தனை என்ன தெரியுமா? யாருக்கும் தெரியக்கூடாது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், பின்வாசல் வழியாக வரவேண்டும்!

இப்படிப்பட்ட ஒரு மார்க்கெட்டிங் டீம் உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அமைந்ததில்லை. ஆனால், ஆரம்பத்தில் இந்த டீம் படுதோல்வி!

ஏன் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதல் கச்சேரிகளில் அவர்கள் என்ன பாடினார்கள்? வெள்ளைக்காரர் வீட்டு ஹாலில் பியானோவோடு பாடுகிற பாட்டுகள், தேசபக்திப் பாட்டுகள், கோரஸ்கள். கிளம்புவதற்கு முன் நாஷ்வில்லில் 'அழகிய ராணி எஸ்தர்' என்கிற பைபிள் கதையைப் பெரிய அளவில் இசை நிகழ்ச்சியாக நடத்திக் கைதட்டலும் வாங்கியிருந்தார்கள். 'நாங்களும் உங்களைப் போல நாகரிகமானவர்கள்தான், எங்களாலும் படிக்க முடியும், பாடமுடியும்' என்று காட்டவேண்டும். அதுதான் திட்டம். பார்வைக்கு நியாயமான திட்டம்.

ஆனால், அதே பாட்டை அவர்களைவிடப் பிரபலமான வெள்ளைக்காரக் குழுக்கள் ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தன. பெயரைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டால் எந்தக் குழு என்று தெரியாது!

இன்னொரு தலைவலியும் இருந்தது. அந்தக் காலத்தில் மேடையில் 'கறுப்பர்' என்றால் ஜனங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். வெள்ளைக்காரர்கள் கார்க்கைச் சுட்டு அந்தக் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பர்களை முட்டாள்களாகக் காட்டிக் குதிக்கும் 'மின்ஸ்ட்ரல்' கூத்து. டிக்கெட் வாங்கினவர்கள் அந்தக் கோமாளித்தனத்தை எதிர்பார்த்து வருவார்கள். வந்தால், மேடையில் ஒன்பது பேர் அடக்க ஒடுக்கமாக நிற்பார்கள். நியூ ஜெர்சியில் நியூவார்க் நகரத்துக் கூத்தைக் கேளுங்கள். ஒரு விடுதிக்காரர் இவர்களுக்கு அறை கொடுத்திருந்தார். கரி பூசிக்கொண்டு ஆடும் வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார். நேரில் பார்த்தால், அழித்தாலும் போகாத நிஜக் கறுப்பு! உடனே வெளியே துரத்திவிட்டார்.

ஆரம்பத்தில் ஒஹையோ மாநிலத்துச் சின்னச் சின்ன ஊர்களில் வசூல், ரயில் சார்ஜுக்கும் சாப்பாட்டுக்குமே பற்றவில்லை. குளிருக்குப் போதுமான துணி இல்லை. அந்த நேரம் பார்த்து சிகாகோ நகரமே தீப்பற்றி எரிந்தது. தங்களுக்கே நாளைய சாப்பாட்டுக்கு வழி தெரியாத நிலையில், கச்சேரியில் கிடைத்த ஐம்பது டாலருக்கும் குறைவான தொகையை அப்படியே சிகாகோ நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார்கள். இதை விளம்பர உத்தி என்று யாராவது சொன்னால், அவர் வயிறு காய்ந்ததே இல்லை என்று அர்த்தம்.

இவர்களிடம் இன்னொரு வகைப் பாட்டு இருந்தது. அதை மேடைக்குக் கொண்டுவரவில்லை. கொண்டுவர மனசில்லை.

பருத்திக் காட்டில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தபோது அவர்களுடைய அப்பா அம்மா பாடிய பாட்டு. ராத்திரியில் எஜமானுக்குத் தெரியாமல் கூடி, குரலை அடக்கிப் பாடிய பாட்டு. பின்னாளில் 'ஸ்பிரிச்சுவல்ஸ்' என்று உலகம் முழுக்கப் பெயரெடுத்த பாட்டு. எழுதி வைத்த நோட்டு கிடையாது, வாய்வழியாக வந்ததுதான். படித்த பிள்ளைகளுக்கு அது ஒரு பக்கம் சங்கடம். விலங்கு, சவுக்கு, ஏலம் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். இன்னொரு பக்கம், அது பெற்றோரின் பூஜையறைப் பொருள் மாதிரி. அதைப் போய்க் காசு கொடுத்து வந்தவன் முன்னால் அவிழ்த்துக் காட்டுவதா?

ஃபிஸ்கில் இருந்தபோதே வைட் இந்தப் பாட்டுகளை மாணவர்கள் தங்களுக்குள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறார். கேட்டதும் விடவில்லை, நச்சரித்தார். எல்லா ஷெப்பர்டு பிற்காலத்தில் அதை எழுதியிருக்கிறார். வைட் வீட்டில் கூடுவார்களாம். நாற்காலி போதாது, தரையில் உட்கார்ந்துகொள்வார்கள். கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு, மெல்லிய குரலில் ஒருவர் பாட, மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள். இவர் வீட்டுப் பாட்டு அவருக்குத் தெரியாது. அவர் அம்மா பாடியது இவருக்குப் புதுசு.

அப்படிச் சேர்ந்த பாட்டுகள் பெட்டிக்குள் இருந்தன. டூரில் கச்சேரி முடிந்த பிறகு உபரியாக ஒன்றிரண்டு பாடுவார்கள், அவ்வளவுதான்.

1871 நவம்பர். ஒபர்லின் என்கிற ஊரில் சபைக் குருமார்களின் தேசிய மாநாடு. மேடையில் இவர்களுக்கு நிகழ்ச்சியே கிடையாது. கெஞ்சிக் கூத்தாடி நடுவில் கொஞ்ச நேரம் பாட அனுமதி. குருமார்கள் பேச்சும் சிரிப்புமாக இருந்தார்கள். கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மெல்லக் கிளம்பியது 'ஸ்டீல் அவே' என்கிற பாட்டு. சத்தமில்லாமல் நழுவிவிடு என்று சொல்கிற பாட்டு. தோட்டங்களில் ரகசியமாகக் கூடுவதற்கு அதுதான் சங்கேதம் என்று சொல்வார்கள். பேச்சு நின்றது. சிரிப்பு நின்றது. அந்த மாதிரி ஒன்றை அந்தக் கூடத்தில் பலரும் அதற்கு முன்பு கேட்டதே இல்லை.

இங்கே வைட்டின் காதைப் பாராட்டியாக வேண்டும். இசைக்கருவிகள் வேண்டாம் என்றார். எல்லோரும் நெருக்கமாக நின்று, கடைசி பெஞ்சு வரை கேட்கிற மாதிரி, ஆனால் மூச்சு விடுகிற சத்தத்துக்கு மெல்லமாகப் பாடவேண்டும். அவர் காதுக்குச் சரியாக விழும்வரை நாள் முழுக்க விடமாட்டாராம். மின்ஸ்ட்ரல் கூத்தில் அத்தனையும் கூச்சல். இவர்கள் குசுகுசுவென்று பாடினார்கள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

அதற்கப்புறம் நிகழ்ச்சி நிரல் தலைகீழாக மாறத் தொடங்கியது. உபரியாக இருந்தது முன்னால் வந்தது. ராணி எஸ்தர் மெல்லப் பின்வாங்கினாள்.

பெயரிலும் ஒரு சிக்கல். அதுவரை 'கறுப்பினக் கிறிஸ்தவப் பாடகர்கள்' என்கிற ரீதியில்தான் போஸ்டர். கொலம்பஸ் நகரத்தில் ஒரு ராத்திரி வைட் தூங்கவில்லை. ஜெபத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, காலையில் மாணவர்களிடம் புதுப்பெயரைச் சொன்னார்: ஜூபிலி சிங்கர்ஸ். பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் சொல்கிற ஐம்பதாவது ஆண்டு. அந்த ஆண்டில் அடிமைகளெல்லாம் விடுதலையாகி அவரவர் வீடு திரும்பலாம். இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்த வார்த்தையும் அதுதான். லோகோ, பஞ்ச் லைன் என்று லட்சக்கணக்கில் செலவழிக்கிறவர்கள் இந்தப் பெயரைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம்.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். டிசம்பரில் புரூக்ளின். ஹென்றி வார்டு பீச்சர் என்கிற புகழ்பெற்ற பிரசங்கி தன் சர்ச்சில் பாடவைத்து, பையைக் காலி செய்துவிட்டுப் போங்கள் என்று சபையைக் கேட்டுக்கொண்டார். நியூயார்க் பத்திரிகை ஒன்று அவர்களை 'பீச்சரின் மின்ஸ்ட்ரல்கள்' என்கிற தோரணையில் நக்கலடித்தது. நக்கலும் விளம்பரம்தானே! 1872 மார்ச்சில் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி கிராண்ட் முன்னால் பாடினார்கள். பாட்டுகளை ஸ்வரப்படுத்தி அதே ஆண்டு புத்தகமாகவும் போட்டுவிட்டார்கள். கச்சேரி வாசலில் விற்பனை. ஊர் திரும்பும்போது செலவு போகக் கையில் 20,000 டாலர். அதில் நாஷ்வில்லுக்கு வெளியே இருபத்தைந்து ஏக்கர் வாங்கினார்கள். போரின்போது வடக்குப் படை கட்டிய ஒரு கோட்டை இருந்த இடம் அது.

1873-ல் இங்கிலாந்து. கிளம்புவதற்கு முன் லண்டனுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் போயிற்று. எழுதியவர் மார்க் ட்வெய்ன்! அடிமைகள் வேலை செய்த வீட்டில் வளர்ந்தவர் அவர். அசல் எது, போலி எது என்று அவருக்குத் தெரியும். இவர்கள் பாட்டை இன்னொரு முறை கேட்க ஏழு மைல் வேண்டுமானாலும் நடப்பேன் என்று எழுதினார். விக்டோரியா மகாராணி கேட்டார். பிரதமர் கிளாட்ஸ்டன் வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்தார். எட்மண்ட் ஹேவல் என்கிற ஓவியர் குழுவினரைப் பிரம்மாண்டமான ஓவியமாகத் தீட்டினார். அந்தப் பயணத்தில் வந்தது ஏறக்குறைய 50,000 டாலர்.

1876 ஜனவரி 1-ம் தேதி ஃபிஸ்கில் ஜூபிலி ஹால் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் தெற்கில் கறுப்பின மக்களின் கல்விக்கென்றே எழுந்த முதல் நிரந்தரக் கட்டடம். அந்த ஓவியம் அங்கேதான் மாட்டப்பட்டது. டு பாய்ஸ் என்கிற பெரிய அறிஞர், ஃபிஸ்கில் 1888-ல் பட்டம் பெற்றவர். அந்தக் கட்டடம் பாடல்களாலேயே கட்டப்பட்டதாகத் தனக்குத் தோன்றும் என்று 1903-ல் எழுதினார்.

'ஆஹா, சுபம்' என்று எழுந்துவிடாதீர்கள். இனிமேல்தான் எனக்கு உறுத்துகிற பகுதி.

வெற்றி ருசி கண்டதும், முதலில் கை கழுவிய அதே சங்கம், இன்னும் பாடு, இன்னும் வசூல் பண்ணு என்று விரட்ட ஆரம்பித்தது. படிக்க வந்த பிள்ளைகள் வருஷக்கணக்கில் வகுப்புப் பக்கமே போகவில்லை. கல்லூரியைக் காப்பாற்றியவர்களுக்குக் கல்லூரியில் உட்காரக் கொடுத்துவைக்கவில்லை! ரயில், மேடை, குளிர், மறுபடி ரயில். ஸ்காட்லாந்தில் வைட்டின் மனைவி லாரா 1874-ல் டைஃபாய்டில் இறந்துபோனார். வைட்டுக்கே நுரையீரல் பாதிப்பு. சிறையில் பிரகடனம் வாசித்த பெஞ்சமின் ஹோம்ஸ் காசநோய்க்கு இளம் வயசிலேயே பலியானார். எல்லா ஷெப்பர்டு பாடினார், பியானோ வாசித்தார், ஒத்திகை நடத்தினார், படுக்கையில் விழுந்தார், எழுந்து மறுபடி பாடினார். 1878-ல் ஜெர்மனியில் இருந்தபோது குழு கலைந்தது. எல்லோரும் களைத்துப்போயிருந்தார்கள். ஆளுக்கு ஆள் மனஸ்தாபம். ஏழு வருஷத்தில் அவர்கள் கல்லூரிக்குச் சேர்த்துக்கொடுத்தது ஏறக்குறைய ஒன்றரை லட்சம் டாலர்.

வைட் நல்ல மனிதரா, பிள்ளைகளைப் பிழிந்தவரா? இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தன்னையும் அதே செக்கில் போட்டு ஆட்டிக்கொண்டார் என்பது மட்டும்தான் அவர் பக்கம் பேசுகிற சாட்சி.

இன்னொன்றும் நடந்தது. ஐடியா ஜெயித்துவிட்டால் என்ன ஆகும்? காப்பிதான். வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் கல்லூரி 1873-லேயே தன் மாணவர்களைப் பாட அனுப்பி, அந்தப் பணத்தில் வர்ஜீனியா ஹால் என்று கட்டடம் எழுப்பியது. அதையாவது ஒத்துக்கொள்ளலாம், அவர்களும் அதே மண், அதே பாட்டு. ஆனால், எந்தக் கல்லூரிக்கும் சம்பந்தமில்லாத திடீர் 'ஜூபிலி சிங்கர்'கள் ஊருக்கு ஊர் முளைத்தார்கள். மின்ஸ்ட்ரல் கூத்துக்காரர்கள்கூடக் கரியைப் பூசிக்கொண்டு அந்தப் பாட்டுகளைக் கிண்டலாகப் பாட ஆரம்பித்தார்கள். 'மூணு பேரும் ஒரு மரமும்' அந்தக் காலத்திலேயே ஆரம்பமாகிவிட்டது!

அசல் குழுவின் கிளை ஒன்று ஃபிரெட்ரிக் லௌடின் தலைமையில் 1884 முதல் 1890 வரை உலகம் சுற்றியது. ஆஸ்திரேலியா, ஜப்பான், நம் இந்தியா என்று எல்லா இடத்துக்கும் போனார்கள். தாஜ்மகாலுக்குள் நின்று பாடியிருக்கிறார்கள். பருத்திக் காட்டுப் பாட்டு ஷாஜகானின் பளிங்குக் கூரையில் எதிரொலித்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

எல்லா ஷெப்பர்டு என்ன ஆனார் என்று சொல்லவில்லையே? போருக்குப் பிறகு அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்தார். பாடிச் சம்பாதித்ததில் நாஷ்வில்லில் வீடு அமைத்து, அம்மாவை அழைத்துவந்து வைத்துக்கொண்டார். ஆற்றில் விழ இருந்த அதே அம்மா. 1914-ல் எல்லா இறந்தார். நாஷ்வில்லின் பழைய நகரக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

ஃபிஸ்கின் ஜூபிலி சிங்கர்ஸ் இன்றும் பாடுகிறார்கள். 2021-ல் கிராமி விருதுகூட வாங்கினார்கள். அக்டோபர் 6-ம் தேதி அங்கே ஜூபிலி தினம். அந்த நாளில் இப்போதைய மாணவ மாணவியர் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், எல்லாவின் கல்லறைக்கு முன்னால் நெருக்கமாக நின்று பாடுகிறார்கள். திறந்த வெளியில்.